சர்க்கரை போடாத காப்பி

"பெட்டியை எடுத்துக்கோ லைல். நம்ம பிரசார பஸ்ஸில இனிமே உனக்கு இடமில்லை."

ஓட்டல் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள் டோரீன். லைல் நிமிரவில்லை. சர்க்கரை போடாத காப்பியை ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தான்.

ஜனாதிபதி பதவிக்கு நிற்கும் செனட்டர் ஹால்வர்சனோடு ஐந்து மாதமாகச் சுற்றும் இருபது நிருபர்களில் அவன் ஒருவன். மற்றவர்கள் செனட்டர் பேசியதை எழுதினார்கள். ஒரே பேச்சை எத்தனை நாள்தான் எழுதுவது, பாவம். லைல் தன் மனசுக்குப் பட்டதை எழுதினான். அவனுடைய வாரப் பத்திரிகை அதற்காகவே விற்றது.

இந்த வாரம் இப்படி எழுதியிருந்தான்: 'லிங்கன் நகரக் கூட்டத்துக்கு முன்னால் செனட்டரைத் தனியாகப் பார்த்தேன். காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. கண்ணில் ஒன்றுமே இல்லை. ஜெயிப்பதும் தோற்பதும் இந்த மனிதருக்கு ஒன்றுதான்.'

"நாளைக்கு நெப்ராஸ்காவுல கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு," என்றாள் டோரீன். "ரெண்டு வருஷமா அவர் பிரசாரத்துக்கு நாயா உழைக்கிறேன். அவர் காப்பியே குடிக்கிறதில்லை, வயித்துப்புண்ணுக்குப் பால்தான். அதுகூடத் தெரியாம எழுதியிருக்கே."

அப்போது செனட்டரே உள்ளே வந்தார். கையில் அந்தப் பத்திரிகை. நிருபர்கள் முள்கரண்டியை வைத்துவிட்டு நோட்டை எடுத்தார்கள்.

"காப்பி மட்டும்தான் தப்பு தம்பி," என்றார் லைலிடம். "மத்ததெல்லாம் சரி. என் வீட்டுக்காரிகிட்டகூட மறைச்சு வச்சிருந்தேன். நீ பார்த்துட்டே."

போட்டியிலிருந்து விலகுவதாக அங்கேயே, நின்றபடியே சொன்னார். லைலின் கையைக் குலுக்கினார், மாடிக்குப் போய்விட்டார். நிருபர்கள் தொலைபேசிக்கு அடித்துப் பிடித்து ஓடினார்கள்.

டோரீனுக்கு அழுகைகூட வரவில்லை. மரத்துப் போயிருந்தாள். கோட்டில் குத்தியிருந்த ஹால்வர்சன் சின்னத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள், லைலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தினமும் கூடவே இருந்தவ நான். எனக்குத் தெரியலையே," என்றாள். "நீ எங்கே நின்னு பார்த்தே?"

லைலின் ஸ்பூன் நின்றது.

"அன்னிக்கு நான் ரூமை விட்டே வெளியே வரலை டோரீன். எதிர்ல கண்ணாடிதான் இருந்துச்சு."