பதினைந்து டிகிரி

வடகடலில் ஒரு குளிர்ந்த தீவு. அங்கே சிக்ரிட் என்பவளின் வீட்டு ஜன்னலில் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று.

உள்ளே இருந்தது அடுப்புச் சூட்டில் வருஷம் முழுக்க இருபதில் நின்றது. வெளியே இருந்தது ஜனவரியில் மூன்று, ஏப்ரலில் ஆறு, ஜூலையில் பன்னிரண்டு என்று தட்டுத் தடுமாறி ஏறும், பிறகு இறங்கிவிடும். ஆனால் சிக்ரிட் தினமும் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்துப் பார்த்தது வெளியே இருந்ததைத்தான்.

ஒரு ஜூலை மதியம் அது பதினைந்தைத் தொட்டது.

"பதினைஞ்சு!" என்று கத்தினாள் சிக்ரிட். அந்த ஊர் வழக்கப்படி அடுப்பை அணைத்து, கதவைத் திறந்துபோட்டு, வெறுங்காலோடு புல்லுக்கு ஓடினாள். தெருவே நாற்காலிகளோடு வெளியே வந்தது.

உள்ளே இருந்த தெர்மாமீட்டருக்கு வயிறு எரிந்தது. "இருபதுல நிக்கிற என்னை ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்கல. பதினைஞ்சுக்கு இந்த ஆட்டமா?"

"நீங்களும் பதினைஞ்சுக்கு வாங்களேன் அண்ணே" என்றது வெளியே இருந்தது.

வீடு மெல்லக் குளிர்ந்தது. உள்ளே இருந்தது ஒவ்வொரு கோடாக ஆசையோடு இறங்கி, சாயங்காலம் சரியாகப் பதினைந்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சிக்ரிட் உள்ளே வந்தாள். முதல் தடவையாக அதை உற்றுப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, பதினைஞ்சா!" என்று நடுங்கி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"பாத்தாங்களா அண்ணே?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

உள்ளே இருந்தது மறுபடி இருபதுக்கு ஏறிக்கொண்டிருந்தது.