நீதிபதி காட்டுக் காளான்

மகள் கல்யாணத்துக்குப் பாரீஸிலிருந்து வந்திறங்கிய கூட்டத்துக்கு எதைச் சுற்றிக் காட்டுவது, எங்கே சாப்பாடு போடுவது என்று ஓய்வு பெற்ற நீதிபதி ஒக்தாவுக்கு ஒரே தலைவலி. தெற்குப் பிரான்சில், பெரிகோர் பக்கத்துக் குக்கிராமம் அது. இடிந்த கோட்டை ஒன்று, வாத்துப் பண்ணை ஒன்று. இரண்டையும் பார்த்து முடிக்க அரை நாள்கூட ஆகாது.

சாப்பாட்டுக்கு ஊரில் ஒரே இடம், மர்சலின் நடத்தும் விடுதி. அவளுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இங்கே பங்களா வாங்கிய நீதிபதி எப்போதாவதுதான் வருவார். ஊரில் ஒருத்தருக்கும் வணக்கம்கூடச் சொன்னதில்லை. வந்ததும் செய்த முதல் காரியம், பங்களாவோடு சேர்ந்த காட்டுக்கு முள்வேலி போட்டதுதான். ஊரே காலங்காலமாகக் காளான் பறித்த காடு. மர்சலினின் விடுதிக்குப் பேரே அந்தக் காளான் ஆம்லெட்டால் வந்தது. அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"சட்டப்படி என் காட்டுக் காளான் என் சொத்து. அழுகினாலும் அது என் காளான்தான்" என்று விரட்டிவிட்டார். அவருக்குக் காளானில் எது என்ன என்றே தெரியாது என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்ட மர்சலின், வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு விஷயமாக விடுதிக்கு வந்தவருக்குக் காபி ஊற்றிக்கொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"கோட்டையில என்னங்க இருக்கு, வெறும் கல்லு. விருந்தாளிங்கள உங்க காட்டுக்கே கூட்டிட்டுப் போங்க ஐயா. இடிஞ்ச கிணத்தைத் தாண்டி, பெரிய செஸ்ட்நட் மரத்தடியில பாருங்க, காளான் கொட்டிக் கெடக்கும். கூடை நான் தர்றேன். பறிச்சுட்டு வந்தீங்கன்னா நானே சமைச்சும் தர்றேன்."

நீதிபதியின் மனைவி சொலான்ஜ் ஒவ்வொரு கூடைக்கும் நீல ரிப்பன் கட்டினாள். பளபளக்கும் ஷூக்களோடு பாரீஸ் பட்டாளம் காட்டுக்குள் இறங்கியது. முதுகு ஒடியக் குனிந்து பறித்து, மத்தியானத்துக்குள் எல்லாக் கூடைகளையும் நிரப்பிவிட்டார்கள்.

திரும்பும் வழியில்தான் நீதிபதிக்குப் பொறி தட்டியது. இந்தப் பக்கத்தில் காளான் கிடைக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். இவளோ கிணறு, மரம் என்று அடையாளம் சொல்லி அனுப்புகிறாள். அதுவும் யாருக்கு? தன் பிழைப்பில் மண்ணைப் போட்டவனுக்கு!

"ஒருத்தரும் அதைத் தொடக் கூடாது!" என்று அலறினார். "சொலான்ஜ், அவ நம்மளைக் கூண்டோட மேல அனுப்பப் பார்க்கறா!"

"ரிட்டயர் ஆகியும் உங்களுக்குக் கொலைகேஸ் பித்து தெளியலையே."

"முப்பது வருஷம் கொலைகாரங்க மூஞ்சியையே பார்த்தவன் நான். அவ காலையில சிரிச்ச சிரிப்பு நல்ல சிரிப்பில்ல."

பறித்த காளானில் சந்தேகம் என்றால் மருந்துக்கடையில் காட்டிக் கேட்பதுதான் வழக்கம். கூடைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். கடைக்காரர் லபோர்த் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கிள்ளினார், முகர்ந்தார். முகம் இருண்டுபோனது.

"யாருங்க இதைப் பறிக்கச் சொன்னது?"

"விடுதிக்கார மர்சலின்."

"அவளா! அவ பேச்சையே எடுக்காதீங்க. அவகிட்ட நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்." லபோர்த் பெருமூச்சு விட்டார். "அத்தனையும் விஷம் ஐயா. இதுல ஒரு கூடை போதும், கல்யாண வீடு இழவு வீடா ஆயிடும். எல்லாத்தையும் இங்கயே வெச்சுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

நீதிபதி கூடைகளை அங்கேயே விட்டுப் பின்வாங்கினார். தன் மூளை இன்னும் மழுங்கவில்லை என்பதில் உள்ளூர ஒரே பூரிப்பு.

"இப்பவே போலீஸைக் கூப்பிடறேன்!"

"தாராளமா கூப்பிடுங்க. ஆனா உங்க காட்டு விஷம், உங்க ஆளுங்க பறிச்சது. 'இந்த எழவுக்கா ஐயா முள்வேலி போட்டீங்க'ன்னு ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும்."

ஊர் சிரிக்கும் என்றதும் போலீஸ் மறந்துபோனது. வீட்டுக்குப் போன கையோடு ஆளைவிட்டு முள்வேலியைப் பிடுங்கச் செய்தார். 'யார் வேண்டுமானாலும் காளான் பறித்துக்கொள்ளலாம்' என்று கையெழுத்துப் போட்டு ஒரு பலகையும் நட்டார்.

"ஐயையோ, யாராவது தின்னு செத்துத் தொலைச்சா?" என்றாள் சொலான்ஜ்.

"சாகட்டுமே. காடு காடுன்னு நாயா அலைஞ்சாங்கல்ல, நல்லா அள்ளித் தின்னட்டும்."

சாயங்காலம் விடுதிக்குப் போய், "உன் திட்டம் எனக்குத் தெரியும். கல்யாண நேரமாச்சேன்னு விடறேன்" என்றார் நீதிபதி.

மர்சலின் தலையைக் குனிந்துகொண்டாள். "புத்தி கெட்டுப் போச்சு ஐயா, மன்னிச்சுடுங்க. வேற எடத்துக் காளான் இருக்கு. இன்னிக்கு அதுல ஆம்லெட் போடறேன்."

நீதிபதி ஏமாளியா? முதல் தட்டை அவளையே சாப்பிட வைத்தார். அவள் ரசித்து ரசித்துச் சாப்பிட்டு, ரொட்டியால் தட்டையும் வழித்த பிறகுதான் மற்றவர்களைச் சாப்பிட விட்டார். பாரீஸ் பட்டாளம் தட்டுத் தட்டாகக் காலி செய்தது. நீதிபதி மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இதுதான் காளான்! நாளைக்குக் கல்யாண விருந்துக்கும் இதையே போடு, என்ன விலையானாலும் சரி. ஆமா, இது எங்க கெடைச்சுது?"

"அதை மட்டும் கேக்காதீங்க ஐயா. எடத்தைச் சொல்றது எங்க ஊர் வழக்கமில்ல."

உள்ளே சமையலறையில், நீல ரிப்பன் கட்டிய கூடைகளை வரிசையாக வைத்துக்கொண்டு நாளைய விருந்துக்குக் காளான் நறுக்கிக்கொண்டிருந்தார் மர்சலினின் புருஷன், மருந்துக்கடை லபோர்த்.