ஒரு கரண்டி வெந்நீர்

உப்பு அளவுமானியில் 1.6 என்று வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் சட்டியில் முக்கினேன். அதே 1.6.

சோயா விழுதைக் கரைத்த மிசோ சூப்பில் நூறு பங்குக்கு ஒன்றரைப் பங்குக்கும் மேல் உப்பு! எங்கள் மலைக் கிராமத்தில் இந்த வருடம் நான் அளந்த நாற்பத்தொரு வீடுகளில் ஒன்றுகூட ஒன்றைத் தாண்டவில்லை. சில வீடுகளில் சூப் வெளிறிப்போய் இருந்தது. தண்ணீர் கலந்தீர்களா என்று கேட்காமல் எண்ணை எழுதிக்கொண்டு வந்தேன்.

தாண்டியது போயும் போயும் மசுனோ பெரியம்மா வீட்டில். நாற்பது வருடத்துக்கு முன் ஊர் மன்றத்தில் எழுந்து பேசி, வருடம் ஒருமுறை வீடு வீடாக உப்பு அளக்கும் இந்தத் திட்டத்தையே வாங்கித் தந்தவர் அவர்தான்.

வியாழக்கிழமை மன்றம் கூடுகிறது. திட்டத்தை நிறுத்தப் போகிறார்கள். எல்லா வீட்டிலும்தான் நன்றாக இருக்கிறதே, இன்னும் எதற்கு என்கிறார் தலைவர். நிறுத்தாதீர்கள் என்று பேசப் போகிறவள் நான்.

ஆனாலும் அந்த ஆவி முகத்தில் பட்டதும் கோபம் வரவில்லை. பத்து வயதில் பனியில் நனைந்து வீட்டுக்குள் ஓடி வந்தால் அம்மா ஊற்றித் தரும் சூப்பில் இதே வாசனைதான். நாக்கில் சுருக்கென்று ஏறும். அந்த ருசியை விட்டு எத்தனை வருடம்! அந்தக் காலத்தில் இந்த அளவுமானிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவளும் என் அம்மாதான்.

"என்ன பெரியம்மா இது? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நீங்க இப்படிக் கொட்டி வச்சிருக்கீங்க?"

"அடியே ஃபுசாயே, தப்பான சட்டியில முக்கிட்டு என்னை ஏசாதே. என்னோடது அந்தச் சின்னச் சட்டி. இது அவருக்கு."

ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கணவரின் படம் இருந்த மாடத்தில் வைத்தார். ஊதுபத்தி ஏற்றினார்.

"திட்டம் வர்றதுக்கு முன்ன இவரு மன்றத்துல மெம்பரு. திட்டம் வேணும்னு கேக்கறதுக்காக உங்கம்மா வீடு வீடா அளந்துக்கிட்டு வந்தா. மானம் போயிருமேன்னு நான் சட்டியில வெந்நீரை ஊத்தி வச்சேன். 0.8ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனா. இவரு அந்தச் சீட்டை மன்றத்துல ஆட்டிக் காட்டி, என் வீட்லயே இவ்வளவுதான், இதுக்கு ஒரு திட்டமான்னு தள்ளிவிட்டுட்டாரு. பிப்ரவரியில குளியலறையில விழுந்தாரு. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு. எந்திரிக்கவே இல்ல."

கணவர் போனபின் பெரியம்மா மன்றத்தில் எழுந்து சொன்னது இதைத்தான். அம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"உப்பு கம்மியா இருந்தா மூஞ்சிய சுளிப்பாரு. இனிமே அவருக்கு என்ன கெட்டுப்போகப் போகுது?" பெரியம்மா சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. "தண்ணி மட்டும் ஊத்த மாட்டேன்."

சின்னச் சட்டியை அளந்தேன். 0.7. எழுதுவதற்காகப் பட்டியலை விரித்தேன்.

முதல் வரியில் என் வீடு. 0.8. அதை அளந்த அன்று காலையில், சட்டியில் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றிக் கலக்கிவிட்டுத்தான் அளந்தேன்.

அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்தேன்.