குறுக்கே வந்தவள்

"பராஸ்கா அம்மா, மறுபடியும் குறுக்க வந்துட்டீங்க!"

லுபோமிர் பல்லைக் கடித்தான். உக்ரைனின் ஒரு கிராமத்தில், மரத்தாலான மாதா கோயிலைக் காலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

"கதவைத் துடைக்க வேணாமா? அழுக்கோடவா எடுப்பே?" வாளியும் துணியுமாக நின்றாள் பராஸ்கா. கோயில் சாவி அவளிடம்தான் இருந்தது.

"அழுக்கு இருக்கட்டும், நீங்கதான் இருக்கக்கூடாது. நாளைக்கு ஏவுகணை விழுந்து கோயில் போயிட்டா, இந்தப் படங்களை வச்சுத்தான் அச்சு அசலாத் திரும்பக் கட்டணும்."

"அப்படியே என்னையும் ஒண்ணு எடேன். புதுத் தலைக்குட்டை கட்டியிருக்கேன்."

"வெளிச்சம் போகுதும்மா. அடுத்த தடவை பாக்கலாம்."

அவள் முணுமுணுத்தபடி பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் குறுக்கே வந்திருந்த படங்களையெல்லாம் அவன் அங்கேயே அழித்தான்.

இலையுதிர் காலத்தில் அந்தக் கிராமத்தில் ஏவுகணை விழுந்தது. பராஸ்காவின் மகள் ஸொரியானா நகரத்துக்கு அவனைத் தேடி வந்தாள். அவன் உடனே கணினியைத் திறந்தான்.

"கவலைப்படாதீங்க. ஒரு ஆணி விடாம எடுத்து வச்சிருக்கேன். கோயிலை எழுப்பிடலாம்."

"கோயிலுக்கு ஒண்ணும் ஆகலைங்க. ஒரு கண்ணாடிகூட உடையல. எங்க வீட்டு மேலதான் விழுந்துச்சு."

அவன் கை நின்றது.

"அம்மாவோட படமெல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. கல்லறைக் கல்லுல பதிக்க அவங்க முகம் வேணும். நீங்க படமெடுக்க வந்த அன்னிக்குப் பூரா உங்க கூடவேதான் இருந்தேன்னு சொன்னாங்க. ஒரு படத்துலயாவது இருப்பாங்கல்ல?"

லுபோமிர் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனான். எல்லாவற்றிலும் கதவு பளிச்சென்று இருந்தது.