ஒத்திகை மாப்பிள்ளை

“மாப்பிள்ளை வந்தாச்சு! சாயா கொண்டு வா மோளே!” என்று குழந்தைசாமி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மாப்பிள்ளை நாற்காலி நுனியில் நெளிந்துகொண்டிருந்தான். அவன் போட்டிருந்த டெரிலின் சட்டை குழந்தைசாமியுடையது. ஆள், மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில் அவருக்குக் கீழே மூட்டை சுமக்கும் இசக்கிமுத்து.

இத்தனை கூத்தும் வீட்டு நாய் டைகருக்காக. பெயர்தான் டைகர். புது ஆள் யார் வந்தாலும் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, பின்னால் போய்க்கொண்டே தெருவைக் கூட்டிவிடும். தாயில்லாத மகள் காமாக்ஷியைப் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டம், சகுனம் சரியில்லை என்று சாயாகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டது.

அடுத்த ஞாயிறு பள்ளுருத்தியிலிருந்து வரப்போவதோ சொந்த வீடும் துறைமுகத்தில் வேலையும் உள்ள இடம். அதுவும் கைநழுவினால் குழந்தைசாமி தெருவில் தலைகாட்ட முடியாது.

மிருக ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் போய் நின்றார்.

“அது கோபம் இல்ல சேட்டா, பயமாக்கும். அடிக்கண்டா, அடிச்சா இன்னும் பயப்படும். ஆளைத் தள்ளி உட்கார வெச்சு, கண்ணைப் பாக்காம தீனி போடச் சொல்லு. மெல்லப் பழகும்.”

அவ்வளவுதான். கிட்டங்கி ஆட்கள் மூன்று பேரை வெள்ளை வேட்டி கட்டவைத்து, பூவும் பழத்தட்டுமாகப் பெண் பார்க்க வரச்சொன்னார் குழந்தைசாமி. முதல் நாள் இரண்டு பேரைப் பார்த்து டைகர் அலறியது. இசக்கிமுத்துவின் காலை மட்டும் முகர்ந்துவிட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

“உன் மூஞ்சியப் பாத்தா நாய்க்குக்கூட பயம் வரலியேடா! நீதான் மாப்பிள்ளை!”

வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது. காமாக்ஷி பட்டுப்புடவையில் குனிந்த தலை நிமிராமல் சாயா கொடுத்தாள். சனிக்கிழமைக்குள் டைகர் மற்ற இருவர் கையிலும் பொரித்த மத்தி வாங்கித் தின்றது. ஏதோ புது மருந்து கண்டுபிடித்தவர்போல் குழந்தைசாமி தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிஜ மாப்பிள்ளை படியேறினார். டைகர் கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொண்டு குரைத்த குரைப்பில், துறைமுகத்து உத்தியோகம் நாற்காலிமேல் ஏறி நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தைசாமி ஓடிப்போய் வாசலை மறித்தார்.

“போயிடாதீங்கம்மா! புது ஆளுன்னா அதுக்கு பயம், வேற ஒண்ணுமில்ல. பழகிட்டா தங்கம். எங்க இசக்கிமுத்துவக் கேட்டுப் பாருங்க, மொத நாளே அவன் காலடியில படுத்துக்கிடுச்சு!”

அந்த அம்மா நின்றாள்.

“ஏண்ணே, புது ஆளுன்னா குரைக்கிற நாய் அவனை மட்டும் எப்படி மொத நாளே விட்டுச்சு?”

காமாக்ஷி சாயாத் தட்டைக் கீழே வைத்தாள்.

“அவரு அதுக்குப் புது ஆளில்லப்பா.”