பழகிய கிருமி

ஆறு மாதம் சாப்பிட வேண்டிய காசநோய் மாத்திரையை, இருமல் நின்றதும் பொன்னையா இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டார். வயிற்றைப் புரட்டுகிறது என்றார். சில மாதங்களில் நோய் திரும்பியது. மனைவி செல்லக்கிளிக்கும் தொற்றியது. அவளுடைய சளிப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "வழக்கமான மாத்திரை உங்களுக்குக் கேக்காதும்மா. கிருமி அதுக்குப் பழகிடுச்சு," என்றார்.

"நான் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடலையே. எப்படிங்க பழகும்?"

"உங்க உடம்புல பழகலைம்மா. பழகிட்டுத்தான் உங்ககிட்ட வந்திருக்கு."

செல்லக்கிளி கணவர் பக்கம் திரும்பவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தார்.

"வேற மருந்து இருக்கா?" என்று அவள் டாக்டரைக் கேட்டாள்.

"இருக்கு. கடுமையான மருந்து. கேக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"அவருக்கும் அதேதானா?"

டாக்டர் ஆமென்று தலையசைத்தார்.

"ரெண்டு பேரோடதையும் என் கையிலயே குடுங்க," என்றாள்.