துவக்கின் இடப்பக்கம்

“அப்பா, இந்தத் துவக்கின்ர ஆமிக்காரர் இதைத் தேட மாட்டாரோ?” என்று மேனுஷா ஒருநாள் கேட்டாள்.

தியாகராஜா சிரித்தார். சனிக்கிழமைக் கண்காட்சிக்காக, ஒருவர் கொடுத்திருந்த அந்த முதல் உலகப் போர்த் துப்பாக்கியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அக்கால முறைப்படி, மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையாலேயே தேய்க்க வேண்டும். அன்றிரவு தோள் நோவால் வலப்பக்கத்தோடு நிறுத்தினார். இடப்பக்கமும் முடியாவிட்டால் துவக்குக்குக் கண்காட்சியில் இடமில்லை.

விடிந்தபோது இடப்பக்கமும் மினுங்கியது.

“தோள் நோகுதெண்டு எனக்குப் பொய்யே சொன்னனீங்கள்?” என்றாள் மனைவி சிவமலர்.

“நான் அந்தப் பக்கம் தொடவேயில்லை.”

அடுத்த இரண்டு நாள் பூச்சையும் அவர் வலப்பக்கத்தோடு நிறுத்த, அப்படியே நடந்தது.

கண்காட்சி முடிந்து துவக்கைத் திரும்பப் பெற வந்த உரிமையாளர், அதைச் சுமந்த சிப்பாயின் கல்லறை இங்கேயே, வெம்பிளி இடுகாட்டில் இருப்பதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை தியாகராஜா சுடுதண்ணீரும் பழந்துணியும் கொண்டு அந்தக் கல்லறைக்குத் தனியே போனார். கல்லில் பாசி படர்ந்திருந்தது. தோள் நோக நோக, முன்னும் பின்னும் தானே கழுவித் துடைத்தார்.